இறாலை விட்டும் மாறாத கை

போன மாதம் நவம் அண்ணையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்பு காரணமில்லை. புதுக்குடியிருப்பில் கட்டுப்பல் செய்கிறவர் அவர் ஒருவர்தான். சைக்கிளால் விழுந்து முன்பல் மூன்றைத் தொலைத்த நான், அவருடைய விரல்களை நம்பி இருந்தேன்.

அந்த விரல்களோ... நுனியெல்லாம் சிவந்து, வெடித்து, நீர் வடிந்துகொண்டிருந்தன.

தோலில் எது வந்தாலும் எங்கள் ஊரில் ஒரே தீர்ப்பு — கிரந்திச் சாப்பாடு, சொறியைக் கிளப்புகிற சாப்பாடு! நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் இறால், நண்டு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இரண்டு வருடமாகப் பருப்பும் பூசணிக்காயும். அவருடைய மனைவி மட்டும் வேறு சட்டியில் இறால் வைத்துச் சாப்பிட்டா. கைப்புண் மாறவில்லை.

இடையில் ஷெல்லடிக்குப் பயந்து குடும்பத்தோடு அக்கராயனுக்கு இடம்பெயர்ந்து, இரண்டு மாதம் மரத்தடியில் இருந்தார்கள். புண் ஆறி, கை சுத்தமாக மாறிவிட்டது! எல்லோரும் அந்த ஊர்க் குளத்துத் தண்ணீரைப் புகழ்ந்தார்கள். திரும்பும்போது இரண்டு கலன் தண்ணீரும் கட்டிக்கொண்டு வந்தார். பத்து நாளில் பழையபடி.

டொக்டர் கதையைக் கேட்டுவிட்டு, "அங்க இருக்கேக்க பல்லுச் செய்தனீங்களோ?" என்றார்.

"மரத்துக்குக் கீழ ஆர் ஐயா பல்லுக் கட்ட வாறது?"

"இஞ்ச எப்பிடிச் செய்யிறனீங்கள்?"

"அக்ரிலிக் பவுடருக்கு லிக்விட் விட்டு, ரொட்டி மா மாதிரிக் கையால குழைக்கிறது."

டொக்டர் பேனையை வைத்தார். "சாப்பாடில்லை. அந்த லிக்விட்தான் உங்கட தோலுக்கு ஒத்துவரேல்லை. இனி ஒரு துளி பட்டாலும் வரும்."

"கிளவுஸ் போட்டால்?"

"இந்த ரப்பர் கிளவுசுக்குள்ளாலயும் அது ஊறி வந்திடும். தொழிலை மாத்துங்கோ."

நவம் அண்ணை கையைப் பார்த்தபடி இருந்தார். நான்தான் வாய் திறந்தேன்.

"டொக்டர், அந்தப் பல்லைப் போட்டால் எனக்கும் சொறியுமோ?"

"அவிச்சு நல்லா இறுகினாப் பிறகு அநேகமா ஒண்டும் செய்யாது."

இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் கேட்டேன்.

வெளியே வந்தோம். நவம் அண்ணை சைக்கிளை ஏறாமலே உருட்டினார். "இருவது வருசமா இதொண்டுதான் தெரியும். இதை விட்டுப்போட்டு நான் என்னத்தைச் செய்ய?" என்றார். சந்தி வந்ததும், "உங்கட பல்லுக்கு அளவெடுத்தாச்சு. அதை முடிச்சுத் தாறன். மிச்சத்தைப் பிறகு யோசிப்பம்."

'வேண்டாம் அண்ணை' — மூன்று பல் இல்லாதவனாலும் சொல்லக்கூடிய வார்த்தைதான். வாய் வரைக்கும் வந்தது...

பல் நன்றாகப் பொருந்தியிருக்கிறது.