மெமோவில் நான் சேர்த்த ஒரு வரி

கொடைக்கானல் பஜாரில் எங்க அத்தாவுக்கு, அப்பாவைத்தான் சொல்கிறேன், மளிகைக் கடை. எனக்குத் தராசு பிடிக்கப் பிடிக்கவில்லை. பத்தாவது முடித்து டைப்பும் கற்றுக்கொண்டு, அதே தெருவில் இருந்த வக்கீல் ஐயாவிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். நாடு சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷம் இருக்கும். அங்கே முப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் செய்த பெரிய தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற பெருமையெல்லாம் கிடக்கட்டும்.

1. கோர்ட்டில் ஒரு பேச்சு

பூம்பாறைப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் வெள்ளையம்மா என்று ஒரு விதவை. சரிவில் படிப்படியாக வெட்டிய வயலில் பூண்டு போடுகிறவள். புருஷன் இருந்தபோது அண்ணன் தம்பி வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்ததில், ஊற்று இருக்கிற அடி வயல் தங்களுக்கு வந்தது என்பது அவள் கட்சி. புருஷன் போனதும் கொழுந்தன் சின்னச்சாமி அதில் மண்வெட்டியைப் போட்டுவிட்டான். ஊற்று வயல் போனால் அவளுக்கு மிச்சம் வெறும் பாறைதான். பத்திரம் கிடையாது. சாட்சி சொல்ல வேண்டிய நாலு பேரும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

முன்சீப் கோர்ட் மலைக்குக் கீழே. வத்தலக்குண்டில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். விசாரணை அன்று எங்கள் ஐயா ஆதாரமில்லாமல் திணறிக்கொண்டிருந்தார். திடீரென்று வெள்ளையம்மா எழுந்தாள்.

"சாமி, எதுக்குங்க இம்புட்டுப் பேச்சு? ஏலே சின்னச்சாமி, வேலப்பர் கோயில்ல எரியுற கற்பூரத்தக் கையால அணைச்சு, இது எங்களுக்குக் குடுக்கலைன்னு சொல்லுடா. நான் விட்டுர்றேன்!"

சிரிக்காதீர்கள். அப்போது அது சட்டத்திலேயே இருந்தது. ஒரு கட்சி கேட்டு மறு கட்சி சம்மதித்தால், கோயிலிலோ பள்ளிவாசலிலோ செய்கிற சத்தியத்தோடு வழக்கு முடிந்தது. அதற்கு மேல் பேச்சில்லை. வெள்ளைக்காரன் போட்ட சட்டம்.

சின்னச்சாமியின் வக்கீல் சம்மதம் என்றார். ஐயா என்னிடம், "அந்தம்மா சொன்னத மெமோவா எழுதுப்பா. வெரசா" என்றார்.

எழுதினேன், இங்கிலீஷில். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கைநிறைய இங்கிலீஷ், தலைநிறைய கனம். வெறும் கற்பூரம் போதாது, பயல் பொய் சத்தியம் பண்ணிவிடுவான் என்று தோன்றியது. சின்னச்சாமிக்கு ஐந்து வயதில் ஒரே மகன். 'மகன் தலையில் கை வைத்து' என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். ஐயா வேறு கேஸுக்கு ஓடிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வெள்ளையம்மா பெருவிரலை நீட்டினாள், மையைத் தடவி உருட்டிவிட்டேன். எதிர்க்கட்சியும் பார்க்காமலே ஒப்பினார்கள். முன்சீப் நாள் குறித்தார். நான் பெரிய காரியம் சாதித்த மாதிரி டீக்கடைக்குப் போனேன்.

2. முதல் பஸ்ஸில் வந்தவள்

பத்து நாள் கழித்துக் கோர்ட் சேவகர் அந்த ஊருக்குப் போய் நோட்டீஸைத் தமிழில் படித்திருக்கிறார். மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் வெள்ளையம்மா வந்துவிட்டாள். கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது.

"குமாஸ்தா பாய், பிள்ளை தலையில கை வைக்கச் சொல்லி நான் எப்பங்க சொன்னேன்?"

நான் மேஜை மேலிருந்த கேஸ் கட்டுகளை அடுக்கத் தொடங்கினேன்.

"அவன் பொய்தான் சொல்லுவான். வீம்புக்காரன். அந்தப் பாவம் பிள்ளை மேலதானேங்க விழும்? எனக்குன்னு ஒண்ணும் பொறக்கல. பிள்ளையோட ஆத்தாளுக்குப் பிரசவத்துல சீக்கு வந்து கெடந்தப்ப, அந்தப் பிள்ளைய மூணு மாசம் என் மடியில போட்டு வளத்தேன். வயல் எக்கேடும் கெட்டுப் போகுது. அந்தச் சத்தியத்த நிறுத்துங்க."

உள்ளேயிருந்து ஐயா கேட்டுக்கொண்டிருந்தார். மெமோவின் நகலை எடுத்துப் படித்தார். என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "அலமாரியில ஹைகோர்ட் தீர்ப்பு வால்யூம் எல்லாத்தையும் இறக்கு" என்றார். அவ்வளவுதான்.

ரெண்டு நாள் தேடினோம். முதலில் கிடைத்ததெல்லாம் எங்களுக்கு எதிர். வாக்குக் கொடுத்துவிட்டுத் தக்க காரணம் இல்லாமல் பின்வாங்கக் கூடாது என்று பிரிட்டிஷ் காலத்து ஹைகோர்ட் கறாராகச் சொல்லியிருந்தது. அந்தப் பையனுக்கு நாளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட அது என் பேனாவால் வந்தது என்றுதானே ஊர் சொல்லும்? நானும் அப்படித்தான் நினைப்பேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஐயா விரலை ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இந்தா கெடக்கு" என்றார். மூன்றாம் ஆளைப் பாதிக்கிற சத்தியத்தை எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது. சட்டத்திலேயே இருக்கிறது, ஹைகோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. பிள்ளை மூன்றாம் ஆள்.

3. முன்சீப் கேட்டது

மெமோவை ரத்து செய்யச் சொல்லி அந்தத் தீர்ப்போடு மனுப் போட்டோம். எதிர் வக்கீல் எழுந்ததுமே, "வெள்ளைக்காரன் கப்பலேறிட்டான். அவன் கோர்ட் சொன்னதை இன்னும் கட்டிக்கிட்டு அழணுமா?" என்றார்.

முன்சீப் சிரித்தார். "பின்வாங்கக் கூடாதுன்னு நீங்க எதிர்மனுவில காட்டியிருக்கிற தீர்ப்பும் அவன் காலத்துதானே? ஆள் போனாலும் சட்டம் நிக்குது. நாமளா மாத்துற வரைக்கும் நிக்கும்."

அந்தக் கோர்ட்டுகள் நம் ஆட்களை ஜெயிலுக்கும் அனுப்பின, அதை நான் மறக்கவில்லை. ஆனால் பூம்பாறையை வாழ்நாளில் பார்த்திராத யாரோ ஒரு ஜட்ஜ், பட்டணத்தில் உட்கார்ந்து எழுதிய தீர்ப்பு அன்று ஒரு மலைப்பிள்ளையின் தலைக்குக் குடையாக நின்றது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மெமோ தள்ளுபடி. எதிர் வக்கீல் விடவில்லை. "பிள்ளை வேண்டாம், வெறும் கற்பூரம் போதும்" என்றார்.

முன்சீப் வெள்ளையம்மாவைப் பார்த்தார். "புதுசா ஒப்புக்கிறீங்களாம்மா?"

"வேண்டாங்க. அன்னைக்கு ஆத்திரத்துல கேட்டுட்டேன். கற்பூரத்த அணைச்சாலும் பிள்ளைக்குத்தான் ஆகாது."

"வேற ஆதாரம் இல்லையே. வயல் போயிருமேம்மா."

"போனாப் போகுதுங்க. பிள்ளை நல்லா இருக்கட்டும்."

சின்னச்சாமி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். தீர்ப்புக்கு ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள்.

சாயங்காலம் மலைக்கு ஒரே பஸ், அதனால் வாதியும் பிரதிவாதியும் ஒன்றாகத்தான் ஏற வேண்டும். வெள்ளையம்மாவுக்கு வளைவுகளில் குமட்டும். வத்தலக்குண்டில் சின்னச்சாமி ஒரு எலுமிச்சம்பழத்தை அவள் மடியில் வைத்துவிட்டுப் பின் சீட்டுக்குப் போனான். அவள் அதை முகர்ந்துகொண்டு வந்தாள்.

4. ராஜி

மூன்றாம் நாள் அவன் தன் வக்கீலையே அழைத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தான். மதினியையும் வரச் சொல்லியிருந்தான். அவள் பக்கத்தில் உட்காரவில்லை, கதவோரமாக நின்றான்.

"சமாதானமாப் போயிருவோம், ராஜி எழுதுங்க. ஊத்து வயல் மதினிக்குத்தான். அண்ணன் பாகத்துல வந்தது. என் பிள்ளைக்காக வயல விட்டவுககிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சத்தியம் பண்றது?"

வெள்ளையம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, சொல்வதற்கு என்ன வெட்கம்?

ராஜியை நான்தான் எழுதினேன். முதலில் தமிழில், பிறகுதான் இங்கிலீஷில். வரி வரியாக அவளுக்குப் படித்துக் காட்டினேன். தம்பிகளா, அன்றிலிருந்து ஒரு தரம்கூடப் படித்துக் காட்டாமல் நான் யார் விரலிலும் மை தடவியதில்லை. எழுதத் தெரியாதவர்களின் விரல் நம் கைக்கு வரும்போது, அவர்கள் வீட்டுப் பிள்ளையும் கூடவே வருகிறது.

அன்று மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். வெள்ளையம்மா பெருவிரலைக் கொண்டுவந்தவள், சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஏன் பாய், இதுல நீங்களா ஒண்ணும் சேக்கலையே?"

ஐயாவே சிரித்துவிட்டார். நான் காகிதத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.