ஒரு பவுண்டு குறைந்த கலைமான்

மேய்ன் மாநிலத்தின் வேட்டை விதிப்புத்தகத்தை எங்கள் ஊரில் முழுசாகப் படித்த ஆள் ஒருத்திதான். மற்றவர்கள் அட்டையில் இருக்கும் மூஸ் என்ற ராட்சத மானின் படத்தைப் பார்த்துவிட்டு, புத்தகத்தை வண்டியின் முன்பெட்டிக்குள் திணித்துவிடுவார்கள். சந்தேகம் வந்தால் ஒலிவெட் தெரியோவின் கடைக்குப் போன் போடுவார்கள். கரடிக்கு எந்தத் தேதியிலிருந்து இரை வைக்கலாம், மூஸ் குலுக்கலில் பெயர் வந்தவனுக்கு எந்த வாரம் காடு திறக்கும், வசந்தத்தில் வான்கோழி எத்தனை சுடலாம், எல்லாவற்றுக்கும் அவள் பக்க எண்ணோடு பதில் சொல்வாள்.

"ஒலிவெட், என் ஆப்பிள் தோட்டத்துல ஒரு மான் நிக்குது. கொம்பு ரெண்டரை அங்குலம் இருக்கும்போல. கலைமான் கணக்குல சேர்த்துக்கலாமா?"

"மூணு அங்குலம் இல்லேன்னா சட்டத்துக்கு அது பொட்டைதான். பொட்டை சுட உன்கிட்ட சீட்டு இருக்கா?"

"இல்ல."

"அப்ப துப்பாக்கிய உள்ள வச்சுட்டு ஒரு காப்பி குடி."

இத்தனைக்கும் அவள் வாழ்நாளில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. உருளைக்கிழங்கு விவசாயிக்குப் பிறந்த பதினொரு பிள்ளைகளில் ஏழாவது. மரலாரி ஓட்டிய எர்வே தெரியோவைக் கட்டிக்கொண்டாள். அவனுடைய சித்தப்பா விட்டுப்போன கடையையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டாள் என்று ஊரில் சொல்வார்கள். ரொட்டி, பெட்ரோல், தூண்டில் புழு, வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிறத் தொப்பி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. நன்றாகத்தான் போனது. பிறகு நெடுஞ்சாலையில் பெரிய கடை ஒன்று வந்தது. ஊர்க்காரர்கள் ஒலிவெட்டைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கம் போக ஆரம்பித்தார்கள்.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. மான் பதிவு நிலையமாகக் கடையை ஏற்கச் சொல்லி மாநிலத்துக்கு எழுதிப்போட்டாள். சுட்ட மானை அன்றன்றைக்கே கொண்டுவந்து காட்டி, காலில் அரசு டேக் மாட்டாமல் யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. மானைக் கொண்டுவருபவன் காப்பி குடிப்பான், ரொட்டி வாங்குவான், வேடிக்கை பார்க்க நாலு பேர் வருவார்கள். இரண்டு வருஷம் கடிதம் போட்டு, தொண்ணூற்றெட்டு அக்டோபரில் அனுமதி வந்தது. தொங்கும் தராசு ஒன்று, வட்ட முகமும் ஒற்றை முள்ளுமாக. அதிகாரிகள் அதைச் சோதித்து முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நவம்பர் கைகொடுக்காவிட்டால் கடையை மூடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள்.

சீசனின் முதல் சனிக்கிழமை மாநிலத்துக்காரர்களுக்கு மட்டும். அன்று மத்தியானம் எர்வேயே ஒரு கலைமானை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான். பத்து கிளைக் கொம்பு, கழுத்து ஒரு பீப்பாய் பருமன். குடல் நீக்கியபின் இருநூறு பவுண்டு தேறினால் பெரிய கலைமான் சங்கத்தில் பெயர் ஏறும். சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு பேட்ஜ் வரும். எங்கள் ஆட்கள் சிலர் அந்தப் பேட்ஜைக் கல்யாணக் கோட்டில்கூடத் தைத்திருக்கிறார்கள். இருபது பேர் சுற்றி நிற்க, மானைத் தூக்கிக் கட்டினார்கள். முள் ஏறி ஏறி, நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றது.

"இருநூறுன்னு போடு ஒலிவெட்," என்றான் பால்பண்ணைக்காரன் கில்மன் போல்யூ. "உன் புருஷன்தானே."

"புருஷன்ங்கிறதாலதான் போட மாட்டேன்."

"ஒரு பவுண்டுக்கு என்ன வந்துச்சு? ஓடையத் தாண்டும்போது அவ்வளவு ரத்தம் சிந்தியிருக்கும்."

"சிந்துனத ஓடைகிட்ட போய்க் கேளு. நான் முள்ளு சொல்றத எழுதுறேன்."

எழுதினாள். எர்வே முள்ளை ஒரு தரம் உற்றுப் பார்த்தான், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அந்த வருஷம் முழுக்கப் பள்ளத்தாக்கில் அதுவே பேச்சு. சொந்தப் புருஷனுக்கே ஒரு பவுண்டு விட்டுக்கொடுக்காதவள் என்று அவள் பெயர் பரவிவிட்டது. அந்தக் கடையில் எழுதினால் எழுதினதுதான் என்று முப்பது மைல் தாண்டியெல்லாம் மான் வந்தது. கடை நின்றது.

எர்வே அதை வைத்தே இருபத்தொரு வருஷம் பிழைப்பு நடத்தினான். கல்யாணமோ கருமாதியோ, "என் பொண்டாட்டி என்கிட்ட ஒரு பவுண்டு திருடுனவ" என்றுதான் ஆரம்பிப்பான். ரொட்டி வெட்டினால், "பார்த்து எடை போடு, ஒரு துண்டு எனக்குக் குறையும்" என்பான். ஒலிவெட் சிரிப்பாள். ஆனால் ராத்திரி ஜெபத்தில், இருநூறு என்று எழுதியிருந்தால் அவன் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்ற நினைப்பு ஒரு முள்ளாக வந்து போகும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பிற்காலத்தில் மின்சாரத் தராசு வந்தது, பழையது கொட்டகைக்குப் போனது. போன அக்டோபரில் மின்சாரத் தராசு மண்டையைப் போட்டது. சீசனுக்கு ஒரு வாரம்தான். ஒலிவெட் பழைய தராசை இறக்கித் துடைத்து மாட்டினாள். எடைச்சோதனை அதிகாரி மெர்ட்டன் வந்தார். தெற்கிலிருந்து வந்தவர், வார்த்தைக்கு வரி கட்டுகிறவர்போலப் பேசுவார். துருவைத் தட்டுவதற்காக முகப்பைக் கழற்றியவர், உள்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஏதோ பிரெஞ்சுல கீறியிருக்கு. உங்க பாஷை. எனக்குப் படிக்கத் தெரியாது."

ஒலிவெட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். ஆணியால் கீறின எழுத்து. தகரத்தில் ஓர் இடம் நெளிந்து, மறுபடி தட்டி நேராக்கின தடம் பக்கத்தில் இருந்தது.

'நவம்பர் 1, 98. ஞாயிறு. ஐம்பது பவுண்டு உருளைக்கிழங்கு நாலு மூட்டை. 199 காட்டுது. முள்ளு தகரத்துல உரசுது. தட்டி நேராக்கினேன். இப்ப 200. எ.தெ.'

அவள் பக்கத்தில் இருந்த பீப்பாயின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஞாயிறு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாநிலத்தில் வேட்டை கிடையாது. கடைவாசல் வெறிச்சென்று கிடக்கும். முட்டி வலிக்கிறது, பூசைக்கு வரவில்லை என்று எர்வே படுத்துக்கொண்டான். அவள் தனியாகப் போய் அவன் முட்டிக்காக ஒரு மெழுகுவர்த்தி வேறு ஏற்றிவிட்டு வந்தாள்.

மெர்ட்டன் தம் எடைக்கட்டிகளை மாட்டிப் பார்த்தார். இருநூறுக்கு இருநூறு. "இப்ப சரியா இருக்கு. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பார்க்கிறது என் வேலை இல்ல," என்று முத்திரையை ஒட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

மத்தியானச் சாப்பாட்டில் பக்வீட் மாவில் வார்த்த ப்ளோய் என்ற மெல்லிய தோசைகளை அடுக்கி வைத்து, வெண்ணெயை நகர்த்திவிட்டு, அவள் கேட்டாள்.

"முட்டி எப்படி இருக்கு?"

"எந்த முட்டி?"

"தொண்ணூத்தெட்டுல வலிச்சுதே, அந்த முட்டி."

எர்வே கையில் சுருட்டின ப்ளோய் அப்படியே நின்றது. எழுபத்து மூன்று வயசு மனுஷன், பாடம் ஒப்பிக்காத பையன் மாதிரி தட்டைப் பார்த்தான்.

"தராசத் தொறந்தாங்களா?"

"தொறந்தாங்க."

"வெள்ளிக்கிழமை சங்கிலிய இறுக்கும்போது கை நழுவிருச்சு. கீழ விழுந்துச்சு. நீ போஸ்ட் ஆபீஸ் போயிருந்த. ஒரு மூட்டையத் தொங்கவிட்டுப் பார்த்தேன், சரியா ஐம்பது காட்டுச்சு. பிழைச்சோம்னு விட்டுட்டேன். மேல போனா உரசும்னு நான் கண்டேனா?"

"ஞாயித்துக்கிழமை கண்டுபிடிச்சியே. அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

அது அவளுக்கே தெரியும். திங்கள்கிழமை காலை முதல் வேலையாக அதிகாரிகளுக்குப் போன் போட்டிருப்பாள். முத்திரை போயிருக்கும். அடுத்த சோதனைக்கு ஆள் வருவதற்குள் நவம்பர் முடிந்திருக்கும். கடையும் முடிந்திருக்கும்.

"அன்னிக்கு என் மானுக்கு மேல பெருசு எதுவும் வரல. நூத்தம்பது, நூத்தறுபதுதான். யாருக்கும் நஷ்டம் இல்ல," என்றான் எர்வே. "நஷ்டம் எனக்குத்தான். நான்தானே போட்டு உடைச்சேன்."

"இருபத்தொரு வருஷமா என்னத் திருடின்னு சொன்னியே, பாவி."

"எங்கயாவது அந்தப் பவுண்டச் சொல்லித் தீர்த்துக்க வேணாமா?"

ஒலிவெட்டுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த மனுஷன் பேட்ஜுக்கு எவ்வளவு ஆசைப்பட்டான் என்று அவளுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய மான் அவனுக்குப் பிறகு கிடைக்கவே இல்லை. தன் நேர்மையால்தான் கடை நின்றது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அது நின்றதற்கு இவன் வாய் மூடியிருந்ததும் காரணம். எழுந்து போய் அவன் தலையில் ஒரு முத்தம் வைத்தாள். எர்வே பயந்தே போனான். அவர்கள் வீட்டில் பகலில் நடக்கிற காரியம் அல்ல அது.

"சரி, இத இத்தோட விட்டுரு," என்றான். "ஊருக்குச் சொல்லாத. உன் தராசு தப்புன்னு ஒருத்தன் பேச எடம் கொடுத்தா, அப்புறம் அத்தனை பேரும் பழைய மானையெல்லாம் தூக்கிட்டு வருவானுங்க."

அந்த வாரம் முழுக்க அவளுக்கு அதே யோசனை. சொன்னால் இருபத்தொரு வருஷம் சேர்த்த பெயர் போகலாம். சொல்லாவிட்டால் புத்தகத்தில் ஒரு பொய் இருக்கும், அதுவும் அவள் கையெழுத்தில். எர்வே கட்டிக்காத்த பெயரை அவனுக்காகவே போட்டு உடைப்பதா என்றும் இருந்தது. விதிப்புத்தகத்தில் இதற்குப் பக்க எண் கிடையாது.

முதல் சனிக்கிழமை வந்தது. பத்து மணிக்கெல்லாம் வாசலில் ஆறு வண்டிகள், எல்லோர் தலையிலும் ஆரஞ்சுத் தொப்பி. பழைய தராசு மறுபடி தொங்குவதைப் பார்த்ததும் கில்மன் போல்யூவுக்கு வாய் துறுதுறுத்தது.

"எர்வே, உன் சாமான் திரும்பி வந்துருச்சுடா. அந்தக் கதைய இன்னொரு தடவ எடுத்து விடு."

எர்வே தொண்டையைக் கனைத்தான். "என் பொண்டாட்டி என்கிட்ட..."

"நிறுத்து," என்றாள் ஒலிவெட்.

அலமாரியிலிருந்து தொண்ணூற்றெட்டாம் வருஷத்து டேக் புத்தகத்தை எடுத்துவந்து மேசைமேல் விரித்தாள். தராசில் தகரம் நெளிந்ததையும் நாலு மூட்டை உருளைக்கிழங்கையும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். யார் கைதவறிப் போட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. பிறகு 199-ஐ ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 200 என்று எழுதி, அன்றைய தேதியும் தன் கையெழுத்தும் போட்டாள்.

"சங்கத்துக்கு எழுத மாட்டேன். காலம் கடந்துபோச்சு, அவங்க ஏத்துக்கவும் மாட்டாங்க. ஆனா என் புத்தகத்துல தப்பு இருக்கக் கூடாது. யாருக்காவது என் தராசுல நம்பிக்கை இல்லேன்னா வேற ஊர்ப் பதிவு நிலையத்துக்குப் போகலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்."

யாரும் நகரவில்லை. கில்மன் தொப்பியைக் கழற்றினான். அவன் வண்டியில் ஒரு கலைமான் கிடந்தது. எட்டுக் கிளை, நல்ல கனம். அதை நாலு பேராகத் தூக்கி மாட்டினார்கள். முள் ஏறி, நூற்றுத் தொண்ணூற்றெட்டில் நின்றது. வாசல் முழுக்க அவன் முகத்தைப் பார்த்தது. கில்மன் முள்ளைப் பார்த்தான், ஒலிவெட்டைப் பார்த்தான்.

"எழுதிக்க," என்றான். "நூத்தித் தொண்ணூத்தெட்டு."

அவள் எழுதினாள். இந்த ஊருக்கு, இந்த வாசலுக்கு, கதவோரம் முழங்கையைச் சொறிந்துகொண்டு நிற்கும் அந்தக் கிழவனுக்கு மனசுக்குள்ளேயே நன்றி சொல்லிக்கொண்டாள். டேக்கை மானின் காலில் இறுக்கி மாட்டினாள்.

எர்வே கிட்டே வந்து முணுமுணுத்தான். "கெடுத்துட்டியே. இனிமே நான் எந்தக் கதையச் சொல்லிக் காலத்த ஓட்டுறது?"

"தராசக் கீழ போட்டது யாருன்னு இன்னும் யாருக்கும் தெரியாது," என்றாள் ஒலிவெட். "அத நீயே சொல்லு. முட்டியில இருந்து ஆரம்பி."