பெடலில் ஒட்டிய குங்குமம்

காளவாசல் கடையில் மகளுக்குக் கியர் சைக்கிள் வாங்கிய அன்று, கடைக்காரர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். மிதித்துக்கொண்டிருக்கும்போதுதான் கியரை மாற்ற வேண்டும். மேடு வருவதற்கு முன்பே லேசான கியருக்குப் போய்விட வேண்டும். மாற்றும் நொடியில் கால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பாதத்தின் முன்பகுதி பெடலில் பதிய வேண்டும். வீட்டுக்கு வந்து நல்ல கையெழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஏழாம் வகுப்புப் படிக்கிறவள் தினமும் அதை ஒப்பித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பெடலில் எண்ணெய் படக்கூடாது என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை. அதன்பிறகு எத்தனையோ முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

ஆயுத பூஜையன்று ஸ்கூட்டியையும் சைக்கிளையும் கழுவி வாசலில் நிறுத்தினேன். ஸ்கூட்டி பளபளத்தது. சைக்கிள் மட்டும் வெளிறித் தெரிந்தது. தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு ஹேண்டில்பார், மட்கார்டு என்று துடைத்துக்கொண்டே போனேன். அந்த வேகத்தில் கறுப்புப் பெடல்கள் இரண்டையும் துடைத்தேன். புதிதுபோல ஆகிவிட்டன. அவற்றின் மேலும் சந்தனம், குங்குமம் வைத்தேன்.

என் கணவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “அம்புட்டு எண்ணெயும் சைக்கிளுக்கா? அப்படியே சடை பின்னிப் பூவும் வச்சு விட்ரு.”

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, வழக்கம்போல அவள் முன்னே சைக்கிளிலும் நான் பின்னே ஸ்கூட்டியிலும் போனோம். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெரு முடிந்ததும் மெயின் ரோட்டுக்கு ஏறும் மேடு ஒன்று உண்டு. பாதி மேட்டில் அவள் சீட்டிலிருந்து எழுந்து மிதித்தாள். வலது கால் பெடலை விட்டு வழுக்கியது. சைக்கிளோடு ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்தாள். என்னைத் தாண்டிக்கொண்டிருந்த வேன் பிரேக் போட்டது. டயர் தேய்ந்த அந்தச் சத்தம் நின்றபோது, வேனுக்கும் அவள் தலைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

சுழன்று வந்த பெடல் கெண்டைக்காலைக் கிழித்திருந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாந்தாம்மா தப்பு. எந்திரிச்சு மிதிச்சுக்கிட்டே கியர மாத்திட்டேன்” என்றாள்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?” என்றேன்.

சாயங்காலம், மேட்டு டீக்கடை ஓரத்தில் காலையில் விட்டிருந்த சைக்கிளை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஸ்டாண்ட் போடும்போது என் கை பெடலில் பட்டு வழுக்கியது. உள்ளங்கையை முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய். விரல் நுனியில் குங்குமச் சிவப்பு. வாசல் குழாயடியிலேயே உட்கார்ந்து, சோப்புத்தூள் போட்டு இரண்டு பெடல்களையும் தேய்த்துக் கழுவினேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் கண்மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

காலையில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். காலையில் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. பிறகு பரீட்சை வந்தது. அவள் கியரும்தானே மாற்றியிருக்கிறாள், அதுவும் காரணமாக இருக்கலாமே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் குக்கர் விசில் அடங்கும்போதும், கிரைண்டரை நிறுத்தும்போதும் வேன் டயரின் சத்தம் கேட்டது. நிறுத்திவைத்த சைக்கிளைக் கடக்கும்போதெல்லாம் பெடல் மெல்லச் சுற்றுவதுபோல இருக்கும். திரும்பிப் பார்த்தால் அசையாமல் இருக்கும்.

கால் ஆறிய பின் அவள் மறுபடி சைக்கிள் எடுத்தாள். ஆனால் கியரைத் தொடவில்லை. மேடு வந்தால் இறங்கித் தள்ளினாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் மணியடித்துக் கேலி செய்தபடி கடந்தார்கள். சாயங்காலம் வந்து, “இன்னைக்கும் தள்ளிக்கிட்டுத்தாம்மா போனேன்” என்பாள், நான் பாராட்ட வேண்டும் என்பதுபோல. நானும் பாராட்டினேன்.

கியரில் ஏதோ கோளாறு என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற ஆசையில்தான் சைக்கிளைக் காளவாசல் கடைக்குக் கொண்டுபோனேன். அவளும் வந்தாள். மெக்கானிக் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, ஒவ்வொரு கியராக மாற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாக விழுந்தன. பிறகு ஸ்குரூடிரைவர் நுனியால் பெடல் இடுக்கைச் சுரண்டினார். சிவப்பாக, பிசுபிசுப்பாக ஏதோ வந்தது.

“என்னக்கா, பெடலுக்கு எண்ணெய்க்காப்புச் சாத்தியிருக்கீங்க? சாமியா இருந்தா வழுக்காது. சைக்கிளு வழுக்கும்ல!”

மகள் என்னைப் பார்த்தாள். “அன்னைக்கு நீ பெடல மட்டும் கழுவுனியே. அதுக்குத்தானா?”

மெக்கானிக் துணியெடுக்க உள்ளே போனார். “ஆமா. நான்தான் பூஜைக்கு எண்ணெய் போட்டேன். உன் கால் அதுலதான் வழுக்குச்சு. கியர் மாத்துனதால இல்ல” என்றேன். “அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

“அப்ப ஏம்மா சொல்லல?”

பயம் என்றேன். எதற்குப் பயம் என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த நாள் மேட்டுக்கு முன்பே அவள் கியரை மாற்றும் ‘டக்’ சத்தம் பின்னால் வந்த எனக்குக் கேட்டது. சீட்டில் உட்கார்ந்தபடியே ஏறிப் போனாள். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தாளை அன்றே எடுத்துவிட்டேன்.

இப்போது நன்றாக ஓட்டுகிறாள். ஆனால் தினமும் கிளம்பும் முன் குனிந்து, இரண்டு பெடல்களையும் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறாள். பிறகு அந்த விரலை முகர்ந்து பார்க்கிறாள். நான் வாசலில்தான் நிற்கிறேன். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.