தாழம்பூ என்று எழுதிய கவர்

அரக்கு உருகும் வாசனை உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

மெழுகுவர்த்தியில் காட்டிய சிவப்பு அரக்கு சணல் முடிச்சின் மேல் சொட்டுச் சொட்டாக விழும்... அது ஆறுவதற்குள் பித்தளை முத்திரையை வைத்து அழுத்துவார்கள். பல்கலைக்கழக ஆபீஸின் ரெக்கார்டு ரூமில் நான் டெம்பரரியாக வேலை பார்த்த காலம் முழுக்க என் சேலையில் அந்த வாசனைதான்.

மலையாள எல்லையோரப் பாறசாலையிலிருந்து காலை பாசஞ்சர். கூடவே உதியன்குளங்கரை சுலோசனா அக்கா. எங்கள் செக்‌ஷனில் பியூன். ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் போதும், எந்தப் புத்தகத்திலும் இல்லாத பல்கலைக்கழகக் கதைகள் ஒவ்வொன்றாக வரும்.

"ஒரு வருஷம் ஒரு கட்டு பேப்பர முழுசும் செதலு தின்னுட்டு மக்கா. திருத்த ஒண்ணும் இல்ல. அதில உள்ள அம்புட்டு பேரையும் பாஸாக்கி விட்டாச்சு. ஒருத்தர் இப்போ கணக்கு சாராக்கும்."

கரையான் போட்ட மார்க் என்று நான் சிரிப்பேன். இன்னொரு கதையில் பரீட்சை ஹால் கடிகாரம் நின்றுபோகும். மணி அடிக்கிற ஆள் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். எழுத ஒன்றும் மிச்சமில்லாமல் பிள்ளைகள் டெஸ்க்கில் தலை வைத்துத் தூங்கிவிடுவார்கள்... வெளியே மழை. அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே நானும் எத்தனையோ நாள் தூங்கியிருக்கிறேன்.

ஒருநாள் பல்கலைக்கழகக் கட்டுரைப் போட்டியின் கதை வந்தது. கட்டுரையில் சொந்தப் பெயர் இருக்கக் கூடாது, புனைபெயர் மட்டும். சொந்தப் பெயரைத் தனிக் கவரில் வைத்து, கவர் மேல் அதே புனைபெயரை எழுதி, அரக்கு வைத்துக் கொடுக்க வேண்டும். பரிசு முடிவான பிறகுதான் கவரைப் பிரிப்பார்கள்.

"ஒரு வருஷம் பரிசு ஆருக்கும் இல்லைன்னு நோட்டீஸ் வந்துது. அந்த வருஷம் நானும் எழுதினது உண்டு. தாழம்பூன்னாக்கும் பேரு வச்சேன்."

"பிறகு?"

"பிறகு என்ன? பரிசு கிட்டினா எம்.ஏ. படிக்கலாம், இல்லேன்னா கிட்டின ஜோலிக்குப் போணும்னு வீட்டில தீருமானம். கிட்டல்ல. அதே ஆபீஸில தண்ணி கொண்டு வைக்கியேன்."

சொல்லிவிட்டு, மடியிலிருந்த சோற்றுப்பாத்திரத்தை நேராக வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் செக்‌ஷன் ஆபீசர் ஒரு கட்டை என் மேஜையில் வைத்தார். மேலே மலையாளத்தில் 'தமிழ்' என்று எழுதியிருந்தது. அங்கே ஃபைல் பார்க்கிற யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் பல வருஷமாக யாரும் பிரிக்காத கட்டு. உள்ளே பழைய மனுக்கள், விண்ணப்பங்கள்... நடுவில் ஒரு சின்னக் கவர். அரக்கு உடையவில்லை. மேலே தமிழில், தாழம்பூ.

அக்கா சொன்ன வருஷத்துப் போட்டி ஃபைலைத் தேடி எடுத்தேன். கட்டுரை மலையாளத்தில் இருந்தது. முதல் பக்கத்திலும் மலையாள எழுத்தில் தாழம்பூ. கவரில் மட்டும் அக்கா தன்னை அறியாமல் தமிழில் எழுதியிருக்கிறார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிசகு. வாசிக்கத் தெரியாத யாரோ அதைத் தமிழ்க் கட்டில் செருகிவிட்டார்கள். பெயர்க்கவர் கிடைக்காததால் பரிசு இல்லை என்று ஃபைலை மூடியிருக்கிறார்கள்.

அந்தக் கட்டு இருந்த அலமாரியை அக்கா தினமும் துடைப்பார். அதை நினைத்ததும் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

அக்காவைக் கூப்பிட்டு ஃபைலைக் காட்டி, கவரைக் கையில் கொடுத்தேன். தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிரித்துப் பாருங்கள் என்றேன்.

"உள்ள என் பேருதானே காணும். அது எனக்கு அறியாதா? ஃபைலில என்ன எழுதியிருக்குன்னு வாசி."

வாசித்தேன். 'முதல் பரிசு, தாழம்பூ' என்று இருந்தது. கீழே நடுவரின் ஒரு வரி. இதை எழுதியவர் யாராக இருந்தாலும் அவரை மேலே படிக்க வைக்க வேண்டும்.

"இன்னொருக்கா கூட வாசி மக்கா."

மூன்று தடவை வாசித்தேன். அதற்குள் ஆபீசர் அறையில் மணி அடித்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாறேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

கவரை என்ன செய்வது என்று ஆபீசரிடம் கேட்டேன். அவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். ரெஜிஸ்டரில் இல்லாத கவர், அதை யார் எடுத்துப் போனாலும் தனக்குத் தெரியாது என்றார். நல்ல மனுஷன்.

இப்போது ரிசல்ட் எல்லாம் போனில் வருகிறது. அரக்கு இல்லை, சணல் இல்லை. காரக்கோணத்தில் படிக்கும் என் மகள் பஸ்ஸில் நின்றுகொண்டே மார்க் பார்த்துவிட்டு அடுத்த நிமிஷம் வேறு எதையோ பார்க்கிறாள். ஒருவர் பெயர் இருபது வருஷம் அலமாரிக்குள் கிடக்கும் என்றால் அவள் நம்ப மாட்டாள். கிடக்க வேண்டாம், அதுதான் நல்லது. ஆனாலும் அந்த அரக்கு வாசனை எங்கிருந்தோ வந்துவிடுகிறது...

போன வாரம் உதியன்குளங்கரைக்குப் போயிருந்தேன். அக்கா ரிட்டயராகி வீட்டில் இருக்கிறார். கண்ணாடி அலமாரியில் தாழம்பூ கவர். அரக்கு அப்படியே இருக்கிறது.

"இன்னும் பிரிக்கல்லியா அக்கா?"

"அந்தக் கட்டுரை எழுதின பிள்ளை உள்ள இருக்கியாள் மக்கா. அவ எம்.ஏ.க்குப் போகப் போறான்னு நெனச்சிட்டு இருக்கியாள். அவ கிட்ட நான் என்ன சொல்லதுக்கு?"

சொல்லிவிட்டு சாயா போட அடுக்களைக்குப் போனார்.