சாவியை எடுத்த பிறகும் நிற்காத வண்டி

இரண்டு மாதம் ஆகிவிட்டது. இன்னமும் மிக்சியின் சத்தம் சற்றுக் கூடினால் என் கை தானாக ஸ்விட்சுக்குப் போகிறது.

எங்கள் கோழிப்பண்ணை நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. வீடும் அங்கேயேதான். நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். பண்ணையைக் கணவர் பார்த்துக்கொள்கிறார். ஒரே மகன். வாரத்தில் நான்கு நாள் எங்கள் பழைய டீசல் பிக்கப்பில் முட்டை ஏற்றிக்கொண்டு பள்ளிபாளையத்துக்கும் சேலம் சூரமங்கலத்துக்கும் போய்க் கடைகளில் இறக்கிவிட்டு வருவான். அவன் திரும்பி வரும்வரை எனக்கு எதிலும் மனம் நிற்காது. வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, இந்நேரம் பைபாஸ் ஏறியிருப்பான் என்று ஓடும். நடு ரோட்டில் வண்டி நின்றுபோய், பின்னால் ஒரு லாரி வந்தால்? அதற்கு மேல் நினைக்கமாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்தான். ஆன்லைனில் வாங்கிய, இன்ஜினுக்குள் காற்று போவதற்கான ஏர் இன்டேக். பளபளவென்று ஒரு அலுமினியக் குழாய், இரண்டு ரப்பர் வளையம், நாலைந்து கிளாம்ப், சிவப்பு நிறத்தில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர்.

"எதுக்கு சாமி இது? வண்டி நல்லாத்தான ஓடுது?"

"மேடு ஏறுறப்ப மூச்சு வாங்குதும்மா. இத மாட்டுனா காத்து தாராளமாப் போகும்."

கணவர் தீவன மூட்டையை இறக்கிவிட்டு வந்து பார்த்தார். "முட்ட ஏத்துற வண்டிக்கு மூக்குக் குத்தி உடறானா உன்ற பையன்?" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பழைய ஃபில்டர் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் மூடி இருந்தது. மகன் அதைப் பெட்டியோடு கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, புதுக் குழாயைப் பொருத்தி, அதன் நுனியில் அந்தச் சிவப்புக் கூம்பை மாட்டினான். அதற்கு மூடி எதுவும் இல்லை. எங்கள் பண்ணையிலேயே மக்காச்சோளம் அரைக்கிறோம். காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். இத்தனை தூசியையும் அந்தக் கூம்பு இன்ஜினுக்குள் விட்டுவிட்டால் வண்டி நடு பைபாஸில்தான் நிற்கும்.

எனக்கு லாரி தெரியும். அதுதான் வினையாகப் போனது. என் அப்பா லாரி வைத்திருந்தார். அந்த லாரியின் ஏர் கிளீனருக்கு அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். அதில் எண்ணெய் ஊற்றி வைப்பார்கள். உள்ளே போகும் காற்றிலிருக்கிற தூசி எண்ணெயில் அமுங்கிவிடும். கிளம்பும் முன் கிளீனரில் ஆயில் பார்த்தாயா என்று அவர் டிரைவரிடம் கேட்காத நாள் இல்லை. ஃபில்டர் என்றால் எண்ணெய் என்று என் மனதில் பதிந்தது அப்போது.

மகன் சாப்பிட உள்ளே போனான். ஜெனரேட்டருக்கு வாங்கி வைத்திருந்த இன்ஜின் ஆயில் கேனை எடுத்து வந்தேன். கிளாம்பைத் தளர்த்திக் கூம்பைக் கழற்றி, அதன் மடிப்புகள் ஊறும்வரை உள்ளும் புறமும் ஊற்றினேன். திரும்ப மாட்டும்போது குழாய்க்குள்ளும் வடிந்தது. போகட்டும், அங்கேயும் கொஞ்சம் தூசி ஒட்டும் என்று விட்டுவிட்டேன். அரை லிட்டர் இருக்கும். கீழே சொட்டியதைத் துணியால் துடைத்தேன். அவனிடம் சொல்லவில்லை. மனசு லேசாகி, அன்றைக்கு முதல் முறையாக உட்கார்ந்து காப்பி குடித்தேன்.

அவன் வந்து வண்டியை ஸ்டார்ட் செய்தான். புது மாதிரி ஒரு உறுமல். "கேட்டியாம்மா சத்தத்த?" என்று சிரித்துக்கொண்டே இறங்கி, திறந்திருந்த பானெட்டுக்கு முன்னால் வந்து நின்றான். ஆக்சிலேட்டர் கம்பியைக் கையாலேயே இழுத்து ரேஸ் செய்தான். ஒரு முறை. இரண்டு முறை. கம்பியை விட்டான். சத்தம் குறையவில்லை.

கூடியது.

ஓடிப் போய்ச் சாவியைத் திருகி எடுத்தான். சாவி அவன் கையில் இருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடவில்லை, கத்தியது. பின்னால் நீலமும் வெள்ளையுமாகப் புகை எழுந்து கோழிக்கொட்டகையை மறைத்தது. வண்டி முழுவதும் நடுங்கியது. இன்ஜின் வெடித்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அவன் விலகாமல் மறுபடியும் முன்னால் வந்தான். கூம்பைப் பிடுங்கி எறிந்தான். காற்றை அடைத்தால் நிற்கும் என்று எங்கோ பார்த்திருக்கிறான் போல. திறந்து கிடந்த குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

குழாய் அவன் கையை உள்ளே இழுத்தது. அவன் வாய் திறந்தது எனக்குத் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பிய்த்து எடுத்துவிட்டு, மறுபடியும் அதே கையைக் கொண்டுபோனான்.

கணவர் எங்கிருந்தோ ஓடி வந்து டிரைவர் சீட்டில் ஏறினார். பிரேக்கை முழுதாக மிதித்து, கடைசி கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டால் இன்ஜின் திணறி அணைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பிரேக் பிடித்திருந்தாலும் வண்டி ஒரு எட்டு முன்னால் பாயும். முன்னால் மகன் நிற்கிறான். தூக்கியிருந்த பானெட் மறைப்பதால் அவருக்கு அவனைத் தெரியவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். "அவன இழு! அக்கட்ட இழு!" என்று அவர் உதடு அசைந்தது.

என் கால் நகரவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. மூன்று நொடியாகவும் இருக்கலாம். பிறகு அவன் இடுப்பு பெல்ட்டில் கையை விட்டுப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். படுத்தபடியே கையைத் தூக்கிக் காட்டினேன்.

வண்டி துள்ளியது. அவன் நின்றிருந்த இடத்தின் மேல் ஏறி, குலுங்கி, பானெட் தடாரென்று விழ, அணைந்தது.

அதன்பிறகுதான் கோழிகளின் கூச்சல் காதில் விழுந்தது. மகனின் உள்ளங்கையில் குழாயின் வாய் வட்டமாகச் சிவந்து பதிந்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். ஐந்தும் மடங்கின.

"நாந்தான் எதையோ தப்பா மாட்டிட்டேன்பா" என்று அவன் அப்பாவிடம் சொன்னான். நான் அவன் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன்.

மதியத்துக்கு மேல் மெக்கானிக் வந்தார். குழாய்க்குள் விரலை விட்டு எடுத்து முகர்ந்தார். "காத்து போற பைப்புல இத்தன ஆயிலு எப்படிங்க வந்துச்சு? இந்த ஆயிலயே டீசலாட்டக் குடிச்சு ஓடியிருக்குது. சாவிய எடுத்தா டீசல்தான நிக்கும், இது எங்க நிக்கும்?"

மகன் கீழே குனிந்து, தான் மாட்டிய கிளாம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்து வியர்த்திருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நாந்தானுங்க ஊத்தினேன். தூசி போகக்கூடாதுன்னு."

மெக்கானிக் என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்கக்கா, கடுகு போட்டுத் தாளிக்கலீங்களா?"

கணவர் சிரித்துவிட்டார். மகன் சிரிக்கவில்லை. அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினான். ஃபில்டரில் தேவையான எண்ணெய் ஏற்கெனவே தடவப்பட்டிருக்கிறது, மேலும் சேர்க்கக்கூடாது என்று ஆங்கிலத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. கேள்வியை இரண்டு முறை படி என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான்.

"ஊத்துனப்பவே சொல்லியிருக்கலாமில்ல?" என்றான்.

"சொன்னா வேண்டாம்பே."

"ஆமா. வேண்டாம்பேன்."

அவன் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பழைய கறுப்புப் பெட்டியே திரும்ப வந்துவிட்டது. அவன் பழையபடி சேலம் போகிறான். இப்போது என் பயம் பைபாஸோடு நிற்பதில்லை. என் கை எட்டுகிற தூரத்தில் இருக்கிற அவனுடைய எல்லாவற்றையும் நினைத்துப் பயப்படுகிறேன்; டிபன் பாக்ஸைக்கூட அவனைக் கேட்டுத்தான் மூடுகிறேன். சாயங்காலம் வண்டி வாசலுக்கு வந்து, அவன் சாவியைத் திருகுகிற அந்த ஒரு கணம், உள்ளே அடுப்படியில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். இன்ஜின் அணைகிறது. கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. அவன் செருப்பைக் கழற்றுகிறான். அப்புறம்தான் தோசையைத் திருப்புகிறேன், பெரும்பாலும் கருகியிருக்கிறது.