கைராசிக்காரி தொமாசாவும் அவள் மகளின் வயிறும்

நாட்டுவைத்தியம் பார்க்கும் தொமாசாவின் கைராசி தன்லி மலை முழுக்கப் பிரசித்தம். தின்றது குடலில் ஒட்டிக்கொண்டால் வாந்தி வருமாம், அதை எம்பாச்சோ என்பார்கள். பிள்ளையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் தடவி, முதுகுத்தோலைச் சுண்டி இழுப்பாள். 'டொக்'கென்று சத்தம் கேட்டால் ஒட்டினது விட்டது. அப்புறம் பேதி மருந்து, மூன்று நாள் பட்டினி. பாதி வயிறுகள் சும்மா விட்டாலே ஆறியிருக்கும். அதை அவளிடம் சொல்ல யாருக்குத் தைரியம்?

பதினேழு வயது மகள் மிர்தலாவுக்கு டெங்கு வந்து போனது. எலும்பும் தோலுமாக எழுந்தவள், சாப்பிட்டதையெல்லாம் பச்சைப் பித்தத்தோடு கக்கினாள். தொமாசா முதுகை இழுத்தாள், பேதிக்குக் கொடுத்தாள், பட்டினி போட்டாள்.

"அம்மா, பசிக்குது. ஒரு சோள ரொட்டி குடேன்."

"வாயை மூடுடி. ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் சரியாகுது, எம் பொண்ணுக்கு ஆகாதா?"

முதுகில் 'டொக்' சத்தம் கேட்கவில்லை. மறுபடி பேதி, மறுபடி பட்டினி. மூன்றாம் தடவை பிடித்து இழுக்க முதுகில் சதையே இல்லை.

"அக்கா, புள்ள கரைஞ்சு போறா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ" என்றாள் பக்கத்து வீட்டுக் கசில்தா.

"ஊருக்கே வைத்தியம் பாக்குறவ ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்கணுமா? நல்லாயிருக்கு கதை!"

பாழாய்ப்போன வீம்பு! மகளால் எழுந்து நிற்கவே முடியாமல் போன பிறகுதான் வண்டி பிடித்தாள்.

டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தாள். "குடலுக்குக் குறுக்கே ஒரு ரத்தக்குழாய் போகுதும்மா. நடுவுல மெத்தை மாதிரி கொழுப்பு இருக்கும். காய்ச்சல்ல உடம்பு வத்தி அது கரைஞ்சிடுச்சு. இப்போ குழாய் குடலை நெரிக்குது. அபூர்வமா வர்றது. உடம்புல சதை போட்டாத்தான் விலகும். பட்டினி கிடக்கக் கிடக்க இறுகும். யாரு இவளைப் பட்டினி போட்டது?"

மூக்கில் குழாயோடு கிடந்த மிர்தலா முந்திக்கொண்டாள்.

"யாரும் இல்ல டாக்டர். நானாத்தான் சாப்பிடல."

அப்போதும் தொமாசா வாய் திறக்கவில்லை. உடம்பில் உப்புச்சத்து வற்றிப்போய், ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் மிர்தலாவின் இதயம் நின்றது.

செத்தவளுக்காக வீட்டில் நடந்த ஒன்பது நாள் ஜெபத்துக்கு ஊரே வந்தது.

"என்ன பிடிவாதம்! சாப்பிடவே மாட்டேன்னுட்டாளாமே. பெத்தவ மனசை நினைச்சுப் பார்த்தாளா?" என்றாள் ஒருத்தி.

தொமாசா எழுந்து நின்றாள்.

"எம் பொண்ணைக் குத்தம் சொல்லாதீங்க! அவ கேட்டா. நாளெல்லாம் கேட்டா. நான்தான் குடுக்கல. நான்தான் கொன்னேன்."

ஜெபம் நின்றது. கசில்தா ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டாள்.

"பாவம், துக்கத்துல என்னென்னமோ பேசுறா."

ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். காப்பி கொடுத்துப் படுக்க வைத்தார்கள். அவள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.