கால் விரலில் மாட்டிய கிளிப்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் கானாடுகாத்தானுக்கு வந்து, அந்த வீட்டில் சுண்ணாம்பு குழைத்த ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். போன ஆவணியில் நடந்தது. நடுச்சாமத்தில் இல்லை. பொழுது சாய்ந்து விளக்குப் போடுவதற்குள் நடந்தது.

சுபலட்சுமி, கொத்தனார் அழகுசுந்தரத்தின் ஒரே மகள். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பற்றிய இன்ஜினியரிங்கில் எம்.இ. கடைசி வருஷம் படித்தாள். விரலில் மாட்டினால் இரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று காட்டுமே, அந்தக் கிளிப்தான் அவள் ஆராய்ச்சி. கறுத்த தோலிலும், காய்ப்பு ஏறிய விரலிலும் அது சில நேரம் பொய் சொல்லும். உள்ளே மூச்சு குறைந்து கிடக்கும். வெளியே நல்ல நம்பர் காட்டும். அந்தப் பொய்யைத் திருத்துகிற கிளிப் ஒன்றை அவள் செய்துகொண்டிருந்தாள். சோதித்துப் பார்க்க உழைத்துக் காய்த்த விரல்கள் வேண்டும். அது நடந்தால்தான் படிப்பு முடியும். அந்தப் படிப்புக்காகத்தான் கொத்தனார் வெயிலில் கிடந்தார்.

அதனால் அப்பா வேலை பார்க்கிற இடத்துக்கே வந்தாள். ஹோட்டல் ஆக்குவதற்காகப் பழுது பார்க்கிற பெரிய வீடு. திங்கட்கிழமை வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள். ஆட்கள் வரிசையில் வந்து விரலை நீட்டினார்கள். திரையில் அலை ஒழுங்காக விழுந்ததும் "நல்லாருக்கு" என்பாள். முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே அடுத்த விரலைப் பிடிப்பாள். அவள் சொன்னது அலையை, ஆளை இல்லை.

"ஏத்தா, இத நாக்குல மாட்டலாமா? எங்க வீட்ல ஒருக்கா மாட்டிப் பாக்கணும்" என்றார் மாயக்கண்ணன். பின்னால் நின்ற அவர் பெண்சாதி சுண்ணாம்புக் கையாலேயே முதுகில் ஒன்று வைத்தாள். வரிசையே சிரித்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா முகப்புக் கதவுகளைச் சாத்தப் போயிருந்தார். சுபலட்சுமி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

தூசிக்காகக் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் படபடவென்று அடித்தது.

காற்றே இல்லை.

"தாயி... ஒருக்கா பாப்பீகளா?"

தூணோரம் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குளித்துவிட்டு வந்திருக்கிறார் போல என்று சுபலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

"வாங்கக்கா, உக்காருங்க."

அந்த அம்மா சாக்கின் மேல் உட்கார்ந்தார். சாக்கு அமுங்கவில்லை.

விரலைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. கிளிப்பை மாட்டினாள். திரையில் வெறும் கோடு. விரலைத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினாள். கோடுதான். காது மடலிலும் பிடிக்கவில்லை. இப்படி எங்கேயும் பிடிக்காவிட்டால் கால் பெருவிரலில் மாட்டிப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியிலும் அதுதான் வழக்கம்.

"காலை நீட்டுங்கக்கா."

ஒரு கால்தான் கேட்டாள். இரண்டும் சேர்ந்தே நீண்டன...

பெருவிரல்கள் இரண்டிலும் ஒரு தடம். துணியால் ஒன்றாகச் சேர்த்து இறுக்கிக் கட்டிய தடம்.

"என்னக்கா இது?"

அந்த அம்மா காலை இன்னும் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார்.

மாட்டினாள்.

97.

துடிப்புக்கு ஒரு 'பீப்' வரவேண்டும். வரவில்லை. அலையும் இல்லை. அந்த நல்ல நம்பர் மட்டும் நின்றது.

"மூச்சு முட்டுது, தாயி."

சுபலட்சுமி நம்பரையே பார்த்தாள். பழக்கத்தில் வாய் மட்டும் அசைந்தது.

"நல்லா..."

"அன்னைக்கும் அதத்தான் சொன்னீக."

குரலில் கோபம் இல்லை.

டக்.

கிளிப் தரையில் கிடந்தது.

சாக்கின் மேல் யாரும் இல்லை...

தரையில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

மறுநாள் காலையில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். இராமு என்று பெயர் சொன்னார். திருக்கோஷ்டியூர்ப் பக்கத்து ஆள். திங்கட்கிழமை அவர் பெண்சாதி அம்மாக்கண்ணு இங்கே ஒரு நாள் கூலிக்கு வந்து, தூக்குவாளியை மறந்துவிட்டுப் போய்விட்டாளாம். அதை வாங்கிப் போக வந்திருந்தார்.

"அவுகளையே அனுப்பியிருக்கலாமே" என்றார் அழகுசுந்தரம்.

"அது செவ்வாக்கிழமை விடியக்காலம் போயிருச்சுங்க."

சுபலட்சுமி தூணோரத்திலிருந்து அப்பா பக்கத்தில் வந்து நின்றாள். அம்மாக்கண்ணுக்குக் கொஞ்ச நாளாகவே இளைப்பு இருந்ததாம். திங்கள் ராத்திரி மூச்சு முட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வா என்று கெஞ்சியிருக்கிறார். வரமாட்டேன் என்றுவிட்டாளாம்.

"ஏன் வரல?" என்றாள் சுபலட்சுமி.

"இங்குட்டுப் படிச்ச பிள்ள ஒண்ணு மிஷின மாட்டிப் பாத்துச்சாம். நல்லாருக்குன்னு சொல்லிருச்சாம். அதயே சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு படுத்துச்சு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ளய ஒருக்கா பாக்கணுங்க. அது கடேசியாச் சிரிச்சது அந்தப் பிள்ளயாலதான். கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிருறேன்."

அழகுசுந்தரம் மகளைப் பார்த்தார். தூக்குவாளியை எடுத்து இராமுவிடம் நீட்டினார்.

"அந்தப் பிள்ள இன்னைக்கு வரலைங்க" என்றார்.